என்ன உப்பு என்று மாமாவுக்குத் தெரியும்

மாட்டுங்காவில் நான் படித்த கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் ஒரு மாமா இருந்தார். பியூன், லேப் உதவியாளர், கேட்டில் நிற்பவர் என்று பம்பாய் மாணவர்களுக்கு எல்லோருமே மாமாதான். பன்னிரண்டாம் வகுப்பு பிராக்டிகல் பரீட்சை அன்று காலை, டிஸ்டில்ட் வாட்டர் பாட்டிலை நிரப்புகிற சாக்கில் என் மேஜைக்கு வந்தார். முந்தைய நாள் சாயங்காலமே பத்து ரூபாய் கைமாறியிருந்தது. பாட்டிலை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "லெட் நைட்ரேட்" என்றார். அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் மூன்று மணி நேரம் எனக்கு ஒரே வேலைதான். விடைத்தாளைக் கீழிருந்து மேலாக நிரப்பினேன். கடைசி வரியில் 'கொடுக்கப்பட்ட உப்பு லெட் நைட்ரேட்'. அதற்கு மேலே அந்த விடையைத் தரக்கூடிய அனுமானங்கள், அதற்கும் மேலே அந்த அனுமானங்களைத் தரக்கூடிய காட்சிகள். பழுப்பு வளையம் வந்தது, மஞ்சள் வீழ்படிவு வந்தது, எல்லாம் தாளில் வந்தது. தமிழ்நாட்டில் ரெக்கார்டு நோட்டு என்பதை இங்கே ஜர்னல் என்போம். என் ஜர்னலும் இதே முறையில், சீனியர் ஒருவரின் ஜர்னலைப் பார்த்து எழுதி முடித்ததுதான். மதிப்பெண்ணில் ஒன்றும் குறையவில்லை.

அறிவியல் சோதனைகளைப் பிள்ளைகள் புரிந்துகொண்டார்களா என்று கம்ப்யூட்டர் வழியாக அளக்கலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஒருவர் எழுந்து, "கையால் செய்ய வேண்டியதை மவுஸால் எப்படி அளப்பீர்கள்?" என்பார். எனக்கு மாமா ஞாபகம் வந்துவிடும். அந்தக் கேள்வியைக் கேட்பவர், இப்போது அது கையால் அளக்கப்படுகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். மகாராஷ்டிர போர்டின் பத்தாம் வகுப்பு அறிவியலில் 40, 40 என்று இரண்டு தாள்கள், மிச்சம் 20 செய்முறைக்கு. சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலிலும் வேதியியலிலும் தாளுக்கு 70, செய்முறைக்கு 30. இந்த 20லோ 30லோ மார்க் போய்விட்டது என்று அழுத பிள்ளையை நான் இதுவரை சந்தித்ததில்லை. தேர்வாளர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஒரு பேட்ச் முழுக்க ஒரே நேரத்தில் பர்னரை ஏற்றினால், யார் எதை எந்த வரிசையில் செய்தார் என்று அவரால் பார்க்க முடியாது. அவருக்குக் கிடைப்பது ஒரு தாளும் வைவாவில் இரண்டு கேள்வியும்.

செம்பூரிலிருந்து மான்குர்த் போகிற வழியில், அணுசக்தி நகருக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் ஒரு பகுதி அது, 1974ல் தொடங்கியது. செம்பூர்த் தமிழர்கள் பலருக்கு அது பஸ்ஸில் கடந்து போகிற ஒரு மதில்தான். ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் சோதனைத் திறனை இந்தியாவில் உண்மையாகவே சோதித்துப் பார்க்கிற இடங்கள் மிகக் குறைவு, அவற்றில் இது ஒன்று. நாட்டின் அறிவியல் ஒலிம்பியாட் அணிகள் இங்கேதான் தேர்வாகின்றன. 2001ல் சர்வதேச வேதியியல் ஒலிம்பியாட், 2008ல் உயிரியல், 2015ல் இயற்பியல் என்று மும்பையிலேயே நடந்தபோதும் பின்னால் நின்றது இந்த மையம்தான். இயற்பியல் ஒலிம்பியாடில் மொத்தம் 50 மதிப்பெண், அதில் 20 சோதனைக்கு. ஐந்து மணி நேரம், முன்பின் பார்த்திராத ஒரு கருவி. அங்கே உப்பின் பெயர் சொல்ல எந்த மாமாவும் வர மாட்டார்.

கொரோனா வந்ததும் இந்த ஒலிம்பியாட் உலகம் என்ன செய்தது என்பது சுவையான கதை. 2020ல் துருக்கி, 2021ல் ஜப்பான், 2022ல் சீனா நடத்திய வேதியியல் ஒலிம்பியாட்களில் மாணவர்கள் அவரவர் நாட்டிலிருந்தே எழுதினார்கள். செய்முறைத் தேர்வே இல்லை. பிப்பெட்டைத் தொடாமல் அளப்பதற்கு, அளக்காமலே விடுவது மேல் என்று வேதியியல்காரர்கள் முடிவுசெய்துவிட்டார்கள். இயற்பியல்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 2022ல் பெலாரஸில் நடக்க வேண்டிய போட்டி உக்ரைன் போரால் இடம் மாறி, ஸ்விட்சர்லாந்து பொறுப்பில் இணையவழியே நடந்தபோது, சோதனைத் தேர்வையே கம்ப்யூட்டருக்குள் வைத்துவிட்டார்கள். ஒன்று, பெயர் தெரியாத ஒரு கோளில் இறங்கியவர் அங்கிருந்தே அளவெடுத்து அந்தக் கோளைப் பற்றிக் கண்டுபிடிப்பது. இன்னொன்று, உருளை வடிவ டயோடு. எந்த அளவை எத்தனை முறை எடுப்பது என்பதை மாணவரே தீர்மானிக்க வேண்டும். தேர்ந்தெடுக்க நாலு விடை கிடையாது.

இந்த இரண்டில் எது சரி என்று கேட்டால் எனக்கு இயற்பியல்காரர்களின் துணிச்சல்தான் பிடித்திருக்கிறது. காரணம் பழைய ஆறு பெட்டிகள்.

ஆறு பெட்டிகள்

1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஷாவெல்சன், கெயில் பாக்ஸ்டர், ஜெர்ரி பைன் ஆகிய ஆய்வாளர்கள் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மூடிய பெட்டிகள் ஆறைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முனைகள். உள்ளே இரண்டு பேட்டரி இருக்கலாம், வெறும் கம்பி இருக்கலாம், ஒரு பல்பு இருக்கலாம், பேட்டரியும் பல்புமாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டு பெட்டிகளில் மட்டும் ஒரே சமாச்சாரம். பல்பு, கம்பி, பேட்டரி கொடுத்து, திறக்காமல் கண்டுபிடி என்றார்கள்.

வெளியே ஒரு பல்பை மட்டும் மாட்டிப் பார்க்கிற பிள்ளைக்கு, பிரகாசமாக எரிந்தால் உள்ளே இரண்டு பேட்டரி, மங்கலாக எரிந்தால் பேட்டரியும் பல்பும் என்று தெரிந்துவிடும். எரியவே இல்லை என்றால் கம்பியா, பல்பா, காலிப் பெட்டியா? இங்கேதான் விஷயம் பிரிகிறது. வெளியே ஒரு பேட்டரியையும் சேர்த்து மாட்ட வேண்டும் என்று யோசிக்கிற பிள்ளை மின்சுற்றைப் புரிந்துகொண்ட பிள்ளை. 'எரியவில்லை, எனவே காலி' என்று எழுதிவிட்டு நகர்கிற பிள்ளை ஆறில் ஒன்றிரண்டை அதிர்ஷ்டத்தில் சரியாக எழுதியிருக்கலாம். விடைத்தாளில் இருவரும் ஒன்று போலவே தெரிவார்கள்.

இதே பெட்டிகளை அவர்கள் கம்ப்யூட்டருக்குள்ளும் வைத்தார்கள். பிள்ளை மவுஸால் இழுத்து எதை எதோடு மாட்டியது என்பதையெல்லாம் இயந்திரம் வரிசையாகப் பதிவு செய்துகொண்டது. எங்கள் லேபில் எந்தத் தேர்வாளராலும் செய்ய முடியாத காரியம் இது. ஆனால் அவர்கள் கண்டதில் இன்னொரு பாதியும் உண்டு, கம்ப்யூட்டர் தேர்வை விற்க வருகிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். நிஜப் பெட்டியில் நன்றாகச் செய்த பிள்ளைதான் திரைப் பெட்டியிலும் நன்றாகச் செய்யும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சில பிள்ளைகளுக்குக் கை பேசியது, சிலருக்குத் திரை. ஒன்றுக்கு இன்னொன்று மாற்று ஆகாது.

2009ல் அமெரிக்கா இதைத் தேசிய அளவில் செய்தது. நான்கு, எட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கைச்சோதனையும் கம்ப்யூட்டர் சோதனையும். முடிவுகள் 2012ல் வந்தன. அதிலிருந்து ஒரே ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். பனிக்கட்டி உருகினால் கன அளவு என்ன ஆகும் என்பதற்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுத்த நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 71 சதவீதம். நீயே செய்த சோதனையிலிருந்து ஆதாரம் காட்டு என்று கேட்டபோது காட்ட முடிந்தவர்கள் 15 சதவீதம். நாலு விடையில் ஒன்றைத் தட்டச் சொல்லி நிறுத்தியிருந்தால் 71தான் செய்தியாகியிருக்கும்.

நம் நாட்டில் இந்த இடத்தில்தான் வண்டி நின்றுவிடுகிறது. ஜூஹூவில் உள்ள சிடாக் நிறுவனமும், கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அம்ரிதா பல்கலைக்கழகமும் மத்திய அரசின் நிதியில் ஓலேப்ஸ் என்ற இணைய ஆய்வுக்கூடத்தை உருவாக்கியிருக்கின்றன. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான சோதனைகள், காசில்லாமல். ஒவ்வொரு சோதனைக்கும் கோட்பாடு, செய்முறை, அசைபடம், மாணவரே இயக்கும் சிமுலேட்டர், வீடியோ, கடைசியில் வைவா. லேபே இல்லாத பள்ளிக்கு அது வரம்தான். சிமுலேட்டரில் பிள்ளை தனி ஊசலின் நீளத்தை மாற்றலாம், ஸ்டாப்வாட்சை அழுத்தலாம், தப்பு செய்யலாம். ஆனால் வைவா என்று அழுத்தினால் வருவது பழைய தோழன்: நாலு விடைகள், ஒன்றைத் தேர்ந்தெடு. பிள்ளை ஊசலை எப்படி ஆட்டினாள், எத்தனை அலைவுக்கு நேரம் எடுத்தாள் என்பதுதானே கேட்க வேண்டிய வைவா? அத்தனை தூரம் கருவியைக் கட்டிவிட்டு வாசலில் சாவியை மறந்தது மாதிரி இருக்கிறது.

நாலு விடைக் கேள்வி எல்லாமே மோசம் என்றும் நான் சொல்லவில்லை. 2018லிருந்து முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே நடக்கிற ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வின் பாடத்திட்டத்தில் வெர்னியர் காலிப்பர், திருகு அளவி, தனி ஊசல், ஒத்ததிர்வுத் தம்பம், மீட்டர் பிரிட்ஜ் எல்லாம் சோதனைகளாகவே இடம்பெற்றிருக்கின்றன. மாட்டுங்கா, செம்பூர் கோச்சிங் கிளாஸ்களில் வெர்னியரைப் படமாக மட்டுமே பார்த்து, சுழிப் பிழையை வாய்ப்பாடு போல ஒப்பிக்கிற பையன்கள் ஏராளம். அவர்களைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தவன்தான் நானும். பிறகு, தேர்வு இன்னும் தாளில் நடந்த 2016ன் ஒரு கேள்வியைப் பார்த்தேன். இரண்டு வெர்னியர்கள். முதலாவது வழக்கமானது, வெர்னியரின் 10 பிரிவு முதன்மை அளவின் 9 பிரிவுக்குச் சமம். இரண்டாவதில் வெர்னியரின் 10 பிரிவு முதன்மை அளவின் 11 பிரிவுக்குச் சமம். படத்தில் இரண்டிலும் சுழிக்கோடு 2.8ஐத் தாண்டி நிற்கிறது, இரண்டிலும் ஏழாவது கோடுதான் பொருந்துகிறது. அளவுகள் என்ன?

மனப்பாடக்காரர் இரண்டுக்கும் 2.87 என்று போடுவார். முதலாவது அதுதான். இரண்டாவதில் வெர்னியர் பிரிவு முதன்மைப் பிரிவைவிடப் பெரியது. அதனால் கோடுகள் எதிர்ப்பக்கமாகப் பிந்துகின்றன, விடை 2.83. வாழ்நாளில் ஒருவர் கையில் அப்படிப்பட்ட காலிப்பர் கிடைக்கப்போவதில்லை.  ஆனால் வெர்னியர் ஏன் வேலை செய்கிறது என்று ஒரு தடவையாவது யோசித்தவருக்கு மட்டுமே அந்த விடை வரும். எங்கள் லேபில் காலிப்பரைத் தினம் கையில் பிடித்த நாங்கள் அதை யோசித்ததே இல்லை. கையில் கருவி இருந்ததாலேயே புரிந்துவிடும் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான் என்று அன்று ஒப்புக்கொண்டேன்.

சரி, திரையில் என்ன இல்லை? கிப் உபகரணத்திலிருந்து கிளம்பி மாடிப்படி வரை வரும் அழுகின முட்டை நாற்றம் இல்லை. தீர்ந்துபோன பேட்டரி இல்லை, தொட்டும் தொடாமலும் இருக்கிற கம்பி இல்லை. நேராக ஆடத் தொடங்கிப் பத்தாவது அலைவில் நீள்வட்டமாகச் சுற்றுகிற ஊசல் இல்லை. திரையில் பல்பு எரியவில்லை என்றால் சுற்று தப்பு. நிஜத்தில் பல்பு எரியவில்லை என்றால் சுற்று தப்பாக இருக்கலாம், பல்பே ஃபியூஸ் போயிருக்கலாம். இரண்டில் எது என்று பிரித்தறிவது சோதனை அறிவில் பாதி. நல்ல சிமுலேஷன் எழுதுகிறவர்கள் அளவுகளில் வேண்டுமென்றே சிறு தடுமாற்றம் வைப்பார்கள், ஒரே அளவை மூன்று முறை எடுத்தால் மூன்று விதமாக வரும்படி. ஃபியூஸ் போன பல்பையும் வைக்கலாம். வைப்பதில்லை, ஏனென்றால் பெற்றோர் வழக்குப் போடுவார்கள்.

தாராவியில் யாரை அளப்பது

தாராவியின் பதிமூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு துண்டை விரலால் வளைப்பார்கள், நுனியைக் கொளுத்தி முகர்வார்கள், இந்தக் கூடையா அந்தக் கூடையா என்று முடிவாகிவிடும். எங்கள் உப்புப் பகுப்பாய்வுக்கு இது எந்த விதத்தில் குறைச்சல்? அவர்களுக்குப் பெயர் சொல்லிக்கொடுக்க மாமாவும் கிடையாது. கும்பார்வாடாவில் சூளையின் நிறத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்கிற குயவர் உண்டு. இப்படிப்பட்ட வீடுகளின் பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளிக்கு வந்தால், அவர்கள் கைக்குத் தெரிந்தது எதையும் நம் தேர்வு கேட்பதில்லை. கேட்பதெல்லாம் ஒரு பத்தி உரைநடை.

இது புதிய புகார் இல்லை. ஹோமி பாபா மையத்தை உருவாக்கிய வி.ஜி. குல்கர்ணியும் அவருடைய சகாக்களும் 1980களிலேயே மும்பை மாநகராட்சிப் பள்ளிகளின் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளோடு வேலை செய்து, அறிவியலில் அவர்களைத் தடுப்பது அறிவியல் அல்ல, பாடநூலின் மொழிதான் என்று எழுதினார்கள். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் பம்பாய் ஹிந்தி, அரசாங்கத்தில் மராத்தி, கனவில் இங்கிலீஷ் என்று நாலு மொழிக்கு நடுவே வளர்கிற பிள்ளைக்கு, ஆறு பெட்டியைத் திரையில் காட்டி 'மாட்டிப் பார்' என்பது எவ்வளவு பெரிய விடுதலை! படிக்க வேண்டியது மூன்று வரி, மீதி செய்கை. கம்ப்யூட்டர் தேர்வு ஏழைப் பிள்ளைக்கு எதிரானது என்று கேட்டவுடனே சொல்லிவிடுகிறோம். நாம் எழுதித் தள்ளுகிற கேள்வித்தாள் அதைவிட எதிரானது.

பிஸா என்ற சர்வதேசத் தேர்வு 2015ல் அறிவியலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது வெளியிட்ட மாதிரி ஒன்று, வெயிலில் ஓடுவது பற்றி. காற்றின் வெப்பம், ஈரப்பதம், ஓடுகிறவர் தண்ணீர் குடித்தாரா என்று மூன்றை மாற்றலாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எவ்வளவு வியர்வை, உடலிலிருந்து எவ்வளவு நீர் போயிற்று, உடல் வெப்பம் என்ன என்று வரும். ஈரப்பதத்துக்கு 20, 40, 60 சதவீதம் மட்டுமே உண்டு. கடைசிக் கேள்வி: 40 டிகிரி வெயிலில், 50 சதவீத ஈரப்பதத்தில், தண்ணீர் குடித்துக்கொண்டே ஓடினால் ஆபத்து உண்டா? 50 திரையில் கிடையாது. 40லும் 60லும் ஓட்டிப் பார்த்து, நடுவில் என்ன ஆகும் என்று சொல்லிக் காரணமும் எழுத வேண்டும். மே மாதத்தில் தாராவி 90 அடி ரோட்டில் தண்ணீர்க் குடம் தூக்கிய பிள்ளைக்கு இந்தக் கேள்வியின் பாதி உடம்பிலேயே இருக்கிறது. ஆனால் 2015ல் இந்தியா பிஸாவில் கலந்துகொள்ளவில்லை. அதற்கு முந்தைய சுற்றொன்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு பட்டியலின் அடியில் வந்த பிறகு, நமக்குக் கண்ணாடி பிடிக்காமல் போய்விட்டது.

கருவிக்குப் பஞ்சம் என்பதும் முழு உண்மை இல்லை. மாநகராட்சி 2015லேயே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் ஏற்றிய டேப்லெட் கொடுத்தது. ஆனால் ஊரடங்கில் ஒரே அறை வீட்டில், அப்பா வேலையிலிருந்து திரும்பினால்தான் போன் என்ற நிலையும் பார்த்தோம். தேர்வை வீட்டில் வைத்தால் அநியாயம். பள்ளியில், எல்லோருக்கும் ஒரே இயந்திரத்தில் வைத்தால் அந்த அளவுக்கு இல்லை.

இதையெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாமலும் நடத்திக் காட்டியவர்கள் இருந்தார்கள். மும்பையில் டாடா கழகத்தில் விஞ்ஞானியாக இருந்த அனில் சத்கோபால் வேலையை விட்டு மத்தியப் பிரதேசம் போய், 1972ல் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். முதலில் 16 நடுநிலைப் பள்ளிகள். எல்லாப் பாடமும் சோதனை வழியாக. எட்டாம் வகுப்புத் தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், கூடவே நிஜமான செய்முறைத் தேர்வும். ஆயிரம் பள்ளிகள் வரை பரவியது. 2002ல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. கிராமத்துப் பள்ளியில் முப்பது வருடம் முடிந்ததை நகரத்து லேபில் ஏன் ஒரு வருடம்கூடச் செய்து பார்க்கவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மாமாவின் கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று தாளை எழுதி முடித்த பிறகும் அரை மணி நேரம் மிச்சமிருந்தது. சோதனைக் குழாயில் உப்புக் கரைசலும் கொஞ்சம் இருந்தது. பொட்டாசியம் அயோடைடு விட்டால் பொன் மாதிரி மஞ்சள் வரும் என்று ஜர்னலில் எழுதியிருந்தேனே தவிரப் பார்த்ததில்லை. பார்த்துவிடலாம் என்று நாலு சொட்டு விட்டேன். வரவில்லை. குலுக்கினேன், இன்னும் நாலு சொட்டு. தண்ணீர் மாதிரியே நின்றது. பாட்டில் மாறிவிட்டதா, கரைசல் நீர்த்துப்போயிற்றா, மாமா என்னையும் பக்கத்து மேஜைக்காரனையும் குழப்பிக்கொண்டாரா? அந்த மூன்று மணி நேரத்தில் எனக்கு உண்மையாகவே எழுந்த கேள்வி அது ஒன்றுதான். சுற்றிப் பார்த்துவிட்டு சிங்க்கில் கொட்டிக் குழாயைக் கழுவி வைத்தேன். தேர்வாளர் தாளை வாங்கிக்கொண்டு, அயோடைடு விட்டால் என்ன நிறம் என்று கேட்டார். மஞ்சள் என்றேன். போகலாம் என்றார்.